பறவைப் பெயரில் ஒரு தமிழ்ப் பாடம்

கொச்சிக்குக் குடும்பத்துடன் செல்லும் நம்மவர் பெரும்பாலும் கடற்கரையையும் கடைவீதியையும் பார்த்துத் திரும்பிவிடுவர். அடுத்தமுறை, உயர்நீதிமன்றத்தின் பின்புறமுள்ள மங்களவனத்துக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த அலையாத்திக் காட்டின் பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவே.

மூணாறிலிருந்து சென்ற நாங்கள் அங்கு மூன்று பறவைகளைக் கண்டோம். அவற்றைக் கொண்டே பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் நடத்தினேன்.

முதலாவது மடையான். மண்நிறத்தில் அசையாது நிற்கும். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். "குளக்கொக்கு!" என்றாள் மகள். அது பள்ளித் தோழியர் சொல்லும் மலையாளப் பெயர். குளக்கரையில் நிற்பது குளக்கொக்கு. வயல் மடையில் நிற்பது மடையான். இடம்தான் இரண்டுக்கும் பெயர் தந்தது.

இரண்டாவது வக்கா. பகலில் கிளையில் உறங்கி, அந்தியில் இரைதேடப் புறப்படும். மலையாளத்தில் பாதிராக்கொக்கு, பொழுதால் அமைந்த பெயர். தமிழிலோ "வக்" என்ற அதன் குரலே பெயர்.

மூன்றாவது, நீரில் மூழ்கி மீன் பிடித்தபின் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம். மலையாளத்திலும் நீர்க்காக்கைதான்!

பிள்ளைகள் மலையாளப் பெயர்களைத் தெருவிலும் பள்ளியிலும் தாமே கற்பர். தமிழ்ப் பெயரை வீட்டில் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

பயிற்சி: வீட்டருகே காணும் ஐந்து பறவைகளின் பெயர்களை இரு மொழிகளிலும் எழுதுக. அவை நிறம், குரல், இடம், செயல் ஆகியவற்றில் எதனால் அமைந்தவை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டறிக.