வீட்டுக் காப்பீடும் மிதிவண்டியும்: கையொப்பமிடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த வேளையில், நம் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் பாலிசிக் கோப்புடன் வந்தார். வீட்டுக் கடன் பெற்ற நாளில் அவர் எடுத்திருந்த வீட்டுக் காப்பீடு அது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் பூட்டி வைத்திருந்த மகனின் மிதிவண்டி ஓர் இரவில் களவு போயிருந்தது. அதன் விலை 38,000 ரூபாய். மகன் நாள்தோறும் பணிக்குச் சென்றுவந்தது அதில்தான். காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்கவில்லை. அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டிலுள்ள சாமான்களும் இதில் அடங்கும் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள்?"

ஆம், நாம்தான் சொன்னோம். சொன்னது பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அவருடன் அமர்ந்து பாலிசியை வரிவரியாகப் படித்தபோது, மிதிவண்டிக்குத் தடையாக நிற்கும் வாசகங்கள் ஒன்றன்று, மூன்று இருந்தன. கடன் பத்திரத்தில் கையொப்பமிட்ட நாளிலேயே அவருக்கு நாம் விளக்கியிருக்க வேண்டியவை அவை. அன்று அவருக்குச் சொல்லத் தவறியதை இன்று வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் கேள்வி வடிவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எந்த நிகழ்வுக்குக் காப்பு?

காப்பீடு எடுப்போர் பலரும் 'எந்தப் பொருளுக்குக் காப்பு?' என்றே கேட்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டியது 'எந்த நிகழ்வுக்குக் காப்பு?' என்பதாகும்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுத்தரப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல் முதலியவற்றால் நேரும் இழப்பை அது ஈடு செய்கிறது. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், கட்டடக் காப்புத்தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு, வீட்டின் பொதுவான சாமான்களும் தனிப்பட்டியல் இன்றியே காப்புக்குள் வந்துவிடுகின்றன. இது மிகச் சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் திருட்டைப் பொறுத்தவரை இப்பாலிசியின் வரையறை மிகக் குறுகியது. மேற்கண்ட நிகழ்வுகளுள் ஒன்று ஏற்பட்டு, அதன் நேரடி விளைவாக, ஏழு நாள்களுக்குள் நிகழும் திருட்டுக்கே இழப்பீடு உண்டு. வெள்ளத்தில் வீடு திறந்து கிடந்த நாள்களில் பொருள் களவு போனால் வழி உண்டு. சாதாரணமான ஓர் இரவில் மிதிவண்டி களவு போனால் வழி இல்லை. நம் வாடிக்கையாளருக்கு நேர்ந்தது இதுவே.

2. எத்தகைய திருட்டுக்குக் காப்பு?

திருட்டுக்கும் காப்பு வேண்டுமெனில் தனிப் பாலிசியோ, கூடுதல் பிரிவோ எடுக்க வேண்டும். அங்கும் ஒரு சொல்லைக் கவனித்துப் படித்தல் நலம். இத்தகைய பாலிசிகள் பலவற்றில் உள்ள சொல் வெறும் 'திருட்டு' அன்று. 'கன்னமிடுதல்', 'வீடு உடைத்துத் திருடுதல்' என்பனவாகும். கதவையோ பூட்டையோ உடைத்தோ, வேறு வன்முறையைப் பயன்படுத்தியோ உள்ளே நுழைந்து திருடுவதையே இச்சொற்கள் குறிக்கும். பாலிசியில் அவ்வாறு வரையறுக்கப்பட்டிருக்குமாயின், பலப்பிரயோகமின்றி நடந்த திருட்டுக்கு இழப்பீடு கோர இயலாது என 2004-இல் உச்ச நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. சாதாரண வழக்கில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதைவிட, பாலிசியில் அதற்குத் தரப்பட்ட பொருளே செல்லும் என்பது அத்தீர்ப்பு தரும் பாடம்.

திறந்த வாயிற்கதவு வழியே வந்து ஒருவர் மிதிவண்டியை உருட்டிச் சென்றால் அது சட்டப்படி திருட்டு. ஆனால் கன்னமிடுதல் ஆகாது. ஆகவே, 'கன்னமிடுதல்' என்பதோடு 'திருட்டு' என்னும் சொல்லும் தனியாக உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

3. மிதிவண்டி சாமானா, வாகனமா?

சமையல் பாத்திரம், தொலைக்காட்சி, கட்டில் ஆகியவை வீட்டுச் சாமான்கள் என்பதில் குழப்பமில்லை. மிதிவண்டியின் நிலை அவ்வாறன்று. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியின் விதிவிலக்குகளில், அட்டவணையில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டால் அன்றி 'வாகனங்களுக்கு' இழப்பீடு இல்லை என்னும் வாசகம் உள்ளது. மிதிவண்டியும் இதில் அடங்குமா என்னும் விவாதத்தை இழப்பு நேர்ந்த பின் நடத்துவதில் பயனில்லை. பாலிசி எடுக்கும்போதே மிதிவண்டியின் பெயர், வகை, பிரேம் எண், மதிப்பு ஆகியவற்றை அட்டவணையில் எழுதச் செய்தால் விவாதமே எழாது.

மின்சார மிதிவண்டி வைத்திருப்போர் மேலும் ஒரு படி கவனிக்க வேண்டும். மோட்டாரின் முப்பது நிமிட ஆற்றல் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருத்தல் உள்ளிட்ட வரையறைகளுக்கு உட்பட்டவை, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அவ்வரையறையைக் கடந்தவற்றுக்குப் பதிவும் மோட்டார் காப்பீடும் தேவை. அவற்றுக்கு வீட்டுக் காப்பீட்டில் இடம் தேடக் கூடாது. வரையறைக்குள் அடங்கியவற்றையும் 'மின்சார மிதிவண்டி' என்றே அட்டவணையில் தெளிவாகக் குறித்தல் நலம்.

4. எந்த இடம் வரை காப்பு?

கட்டில் வீட்டை விட்டு வெளியே செல்வதில்லை. மிதிவண்டியோ வெளியே செல்வதற்கென்றே வாங்கப்படுவது. வீட்டுச் சாமான்களுக்கான பாலிசி பொதுவாக, குறிப்பிட்ட முகவரியில் உள்ள பொருளுக்கே பொறுப்பேற்கிறது. வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பொருளுக்குப் பொறுப்பேற்பதில்லை. இரயில் நிலையத்திலும், அலுவலக வாயிலிலும், கடைத்தெருவிலும் நிற்கும் மிதிவண்டி அப்பொழுது காப்பின்றியே நிற்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்போருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பொது வாகன நிறுத்துமிடமும் மாடிப்படியின் அடிப்பகுதியும் 'காப்பீடு செய்யப்பட்ட இடம்' என்னும் வரையறைக்குள் வருமா? வாய்மொழி விடை போதாது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறுதல் வேண்டும்.

இவ்விடர்ப்பாடுகளுக்குத் தீர்வாக, நம் நாட்டின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில விற்கும் 'குடும்பத்தார் தொகுப்புப் பாலிசி'யில் மிதிவண்டிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. தீ, திருட்டு, விபத்து ஆகியவற்றால் மிதிவண்டிக்கு நேரும் இழப்போடு, அதனால் பிறருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்பையும் ஒரு வரம்பு வரை இப்பிரிவு ஏற்கிறது. தொகுப்புப் பாலிசியில் இப்பிரிவு தானாகவே சேர்ந்துவிடும் என்று கருதலாகாது; விருப்பப் பிரிவாயின் அதற்குரிய பிரீமியம் செலுத்தப்பட்டு, அட்டவணையில் அது பதிவாகியிருக்க வேண்டும். இப்பிரிவுக்கும் விலக்குகள் உண்டு. விளக்கு, இருக்கை போன்ற துணைப்பொருள்கள் மட்டும் களவு போனால் பெரும்பாலும் இழப்பீடு இல்லை. பந்தயத்தில் ஓட்டும்போதும் வாடகைக்கு விட்டபோதும் காப்பு நீங்கிவிடும்.

5. எவ்வளவு தொகைக்கு?

பிரீமியத்தைக் குறைக்க எண்ணி மதிப்பைக் குறைத்துக் காட்டுவோர் உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவில் குறைக் காப்பீட்டுக்கான கழிவு நீக்கப்பட்டுள்ளது. பிற பாலிசிகளில் அது இருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மிதிவண்டியின் மதிப்பு 40,000 ரூபாய். காப்புத்தொகை 20,000 ரூபாய் மட்டுமே. விபத்தில் நேர்ந்த சேதம் 10,000 ரூபாய். காப்புத்தொகை மதிப்பில் பாதியாதலால், இழப்பீடும் பாதியாக, 5,000 ரூபாயாகக் குறையும். 'என் காப்புத்தொகை 20,000, சேதம் 10,000 தானே' என்னும் வாதம் அங்கே செல்லாது.

இத்துடன் மேலும் இரு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். முழு இழப்பு நேர்ந்தால் கிடைப்பது புதிய மிதிவண்டியின் விலையா, தேய்மானம் கழித்த மதிப்பா? ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை எவ்வளவு? மூவாயிரம் ரூபாய் பெறும் பழைய மிதிவண்டியாயின், இவ்விரண்டையும் கழித்தபின் மிஞ்சுவது சொற்பமே. அந்நிலையில் காப்பீட்டைவிட நல்ல பூட்டு ஒன்று வாங்குவதே சிக்கனம்.

ஆவணங்களும் கோரிக்கையும்

மிதிவண்டி வாங்கிய இரசீது, பிரேம் எண் தெரியும் ஒளிப்படம், முழு மிதிவண்டியின் ஒளிப்படம் ஆகிய மூன்றையும் இன்றே கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் சேமித்து வைப்பீராக. பிரேம் எண் பெரும்பாலும் பெடல்கள் பொருந்தும் இடத்தின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும்.

களவு நேர்ந்தால் தாமதமின்றிக் காவல் நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி மின்னணு வழியிலும் புகார் அளிக்கலாம். ஆனால் மூன்று நாள்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுக. ஒரு மாதத்துக்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

நம் பங்கும் உங்கள் உரிமையும்

கடன் பெறுவதற்கு, இன்ன காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியையே வாங்க வேண்டும் என்று எந்த வங்கியும் வற்புறுத்தக் கூடாது. ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பாலிசியின் சாரத்தை எளிய நடையில் கூறும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' ஒன்றையும் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டும். அதில் விலக்குகள் பற்றிய பகுதியை முதலில் படிப்பீராக.

தொடக்கத்தில் கூறிய வாடிக்கையாளருக்கு அந்த 38,000 ரூபாய் திரும்பக் கிடைக்கவில்லை. மகனுக்கு வேறொரு மிதிவண்டியை அவர் தவணையில் வாங்கினார். வாங்கிய வாரமே, மிதிவண்டிப் பிரிவு உள்ள பாலிசி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிரேம் எண்ணை அட்டவணையில் எழுதச் செய்து, அதன் நகலை நம் மேசைக்குக் கொணர்ந்து காட்டினார். இம்முறை ஒவ்வொரு வரியையும் அவரே படித்துக் காட்ட, நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று முதல், வீட்டுக் காப்பீடு பற்றி விசாரிப்போரிடம் நம் கிளையில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: "வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? இருந்தால் அதை எங்கே நிறுத்துகிறீர்கள்?" நாம் கேட்க மறந்தால், நீங்களே சொல்லிவிடுங்கள்.