வலியை அணைக்கப் போகிறவர்களுக்கு

ஒடுகத்தூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பயோடெக், பார்மசி படிக்கப் போகிற பிள்ளைகள் இப்போது நிறைய. அப்பா டேனரியில் இருப்பார், அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பார், பிள்ளை புரதத்தைப் பற்றிப் புராஜெக்ட் எழுதும். மருந்தியல் சொல்லிக் கொடுத்தே வயதானவன் என்பதால், நரம்பு வளர்ச்சிக் காரணி என்கிற ஒரே ஒரு புரதத்தை வைத்துச் சிலது சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் சுருக்கி என்.ஜி.எஃப். என்பார்கள்.

1. புரதம் அப்புறம். முதலில் ஒரு காலைப் பாருங்கள். காட்பாடியைத் தாண்டினால் கரிகிரி. 1955-லிருந்து அங்கே தொழுநோய் மருத்துவமனை நடக்கிறது. 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இந்த வேலூரில்தான் அந்த உண்மையைக் கண்டு சொன்னார்: தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள் குத்திய காலோடு நாள் முழுக்க நடக்கிறார்கள். புண்ணும் சீழும் எலும்பு வரை போய் விரலைத் தின்கின்றன. அங்கே செய்யும் சோதனை எளிது. நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் நட்டமாக வைத்து, அது வளைகிற வரை அழுத்துவார்கள். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது" என்று சொல்ல வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை தெரியாத காலுக்குச் சாதாரணச் செருப்பு ஆகாது, எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்புதான். தோல் தொழில் செய்கிற நம் ஊர்க்காரனுக்குக் காலணி என்றால் அளவும் அழகும். அங்கே அது மருந்து.

2. கண்டுபிடிப்பின் கதையை வரிசையாகப் படியுங்கள். இத்தாலியில் முசோலினியின் யூத எதிர்ப்புச் சட்டத்தால் வேலை இழந்து, படுக்கையறையில் கோழிக் கருவை அறுத்துப் பார்த்தவர் ரீட்டா லெவி-மொன்டால்சினி. போருக்குப் பின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போனார். எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டினால் நரம்பு இழைகள் கட்டுக்கடங்காமல் ஓடுவதைப் பார்த்தார். 1952-ல் ரியோ டி ஜெனிரோவில் கட்டித் துண்டையும் நரம்பு முடிச்சையும் கண்ணாடித் தட்டில் அருகருகே வளர்த்தபோது, முடிச்சைச் சுற்றி ஒளிவட்டம் போல இழைகள் எழும்பின. கட்டியிலிருந்து ஏதோ கசிகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைப் பிரித்தெடுக்க வந்தவர் ஸ்டான்லி கோஹென். நியூக்ளிக் அமிலத்தை அழிக்கப் பாம்பு விஷம் சேர்த்தார். விளைவு குறையவில்லை, பல மடங்கு கூடியது. விஷத்திலேயே அந்தப் புரதம் கொட்டிக் கிடந்தது! அங்கிருந்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார். அந்தச் சாற்றைக் குட்டி எலிகளுக்கு ஊசி போட்டால் கண் சீக்கிரம் திறக்கிறது, பல் சீக்கிரம் முளைக்கிறது. வேறொருவராக இருந்தால் 'அசுத்தம்' என்று குறித்துவிட்டுப் போயிருப்பார். கோஹென் துரத்தினார், மேல்தோல் வளர்ச்சிக் காரணி கிடைத்தது. இருவருக்கும் 1986-ல் நோபல். எதிர்பாராத விளைவை நோட்டில் அடித்துவிடாதீர்கள்.

3. 'இந்தப் புரதம் என்ன செய்யும்?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த வயதில், எந்தத் திசுவில் என்று கேளுங்கள். கருவில் வலி நரம்புகளும் பரிவு நரம்புகளும் பிழைத்திருக்க என்.ஜி.எஃப். வேண்டும். பிறந்த எலிக்குட்டிக்கு அதன் எதிர்ப்பொருளைக் கொடுத்தால் பரிவு நரம்பு முடிச்சுகளே அழிந்துபோகும். வளர்ந்த உடலிலோ வேலை வேறு. அடிபட்ட இடத்தில், வீங்கிய மூட்டில் இது பெருகும். நரம்பு முனையில் உள்ள டிஆர்கே-ஏ ஏற்பியில் உட்கார்ந்து வலியின் வாசலைத் தாழ்த்தும். அப்போது தொட்டாலே வலிக்கும். அதே புரதம் பி75 என்ற இன்னொரு ஏற்பியிலும் ஒட்டும். அங்கே சில நேரம் செல்லைச் சாகவும் சொல்லும்.

4. இயற்கையே அந்தப் புரதத்தின் வேலையை முடக்கிய மனிதர்களைத் தேடிப் படியுங்கள். டிஆர்கே-ஏ மரபணு பழுதோடு பிறக்கிற குழந்தைக்கு வலியும் தெரியாது, வியர்க்கவும் வியர்க்காது. நாக்கைக் கடித்துக்கொள்ளும், எலும்பு முறிந்தும் நடக்கும். காரணம் இந்த மரபணுதான் என்பது 1996-லேயே தெரிந்துவிட்டது. வடக்கு ஸ்வீடனில் ஒரு குடும்பத்தில் என்.ஜி.எஃப். மரபணுவிலேயே மாற்றம் இருந்தது. அவர்களுடைய மூட்டுகள் இளமையிலேயே சிதைந்தன. அறிக்கை வந்தது 2004-ல். இதைக் கவனமாக நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததற்கு வாருங்கள்.

5. மருந்து என்றால் இரண்டு வழி: கொடுக்கலாம், தடுக்கலாம். இரண்டின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயில் மரத்துப்போன கால்களுக்கு என்.ஜி.எஃப். ஊசி. சிறு சோதனைகள் நம்பிக்கை தந்தன. 1019 பேரிடம் நடந்த பெரிய சோதனை தோற்றது, 2000-ல் முடிவு வெளியானது. ஊசி போட்ட இடம் வலித்தது, அதனால் அளவைக் கூட்டவும் முடியவில்லை. கண்ணில் மட்டும் ஜெயித்தது. கருவிழி நரம்பு செத்து ஆறாத புண் வந்தவர்களுக்கு செனெகெர்மின் என்கிற என்.ஜி.எஃப். சொட்டு மருந்தை 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது. உடல் முழுக்கப் பரவாமல், வேண்டிய இடத்தில் மட்டும் விழுந்ததால் வந்த வெற்றி என்பது என் கருத்து.

தடுத்தும் பார்த்தார்கள். டனெசுமாப் என்ற ஆன்டிபாடி, என்.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக் கட்டிப்போடும். மூட்டுத் தேய்மான வலி நிஜமாகவே குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக நொறுங்கியது. வழக்கமான வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து அதிகம். 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனைகளை நிறுத்தியது, பிறகு அனுமதித்தது. கடைசியில் 2021 மார்ச்சில் அதன் ஆலோசகர் குழுவில் 19 பேர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். அந்த ஆண்டே நிறுவனங்கள் மருந்தைக் கைவிட்டன. வலி போன தெம்பில் தேய்ந்த மூட்டில் பாரம் ஏற்றினார்களா, மருந்தே எலும்பைக் கெடுத்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் கரிகிரியில் ஒரு நாள் உட்கார்ந்தவர்களுக்கு இந்த முடிவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

6. நாய், பூனை என்று சிரிக்காதீர்கள். மனிதருக்குக் கைவிட்டாலும், என்.ஜி.எஃப்.-ஐ அதே வழியில் தடுக்கும் ஊசிகள் மூட்டு வலியுள்ள நாய்க்கும் பூனைக்கும் சந்தையில் இருக்கின்றன.

7. புராஜெக்ட் தாளில் 'மருந்து இலக்கு' என்று எழுதுமுன், அடியில் ஒரு வரி சேருங்கள்: இதைத் தடுத்தால் உடல் எதை இழக்கும்? இந்த வரி இல்லாத தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

8. நம் பக்கத்துக் கேள்வி ஒன்று காத்திருக்கிறது. தொழுநோய்த் தோலில் என்.ஜி.எஃப். குறைந்துபோகிறது என்று ஆய்வாளர் பிரவீன் ஆனந்தும் மும்பை மருத்துவர்களும் 1994-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். 1982-லிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொல்கிறது. நரம்பு பாதித்த முதல் ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால் கொஞ்சம் மீட்கலாம். அதற்குப் பிறகு போன உணர்ச்சியைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை கிடையாது. சர்க்கரைக் காலுக்கும் அதே கதிதான். உங்களில் யாராவது ஒருவர் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.