ஓவர்டிராஃப்ட் கடன் அடைய: சீசன் பணத்தை எங்கே போடுவது?

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடமோ கடையோ நடத்துபவர்களுக்கு மாதாமாதம் ஒரே வருமானம் வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழாவை ஒட்டிக் கூட்டம் நிறையும். கத்திரி வெயிலில் குறையும். வங்கி தந்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, முடியும்போது கட்டும் ஓவர்டிராஃப்ட் அவர்களுக்குத் தோதாக இருப்பது இதனால்தான். வட்டியை மாதக் கடைசியில் பிடித்தாலும், கணக்கிடுவது அன்றன்றைய பாக்கிக்கு. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 40,000 ரூபாய்க்கு 20 நாள் வட்டி சுமார் 263 ரூபாய். அதே பணம் 3 சதவீத சேமிப்புக் கணக்கில் கிடந்தால் கிடைப்பது 66 ரூபாய்தான். ஆகவே கல்லுக்கும் கூலிக்கும் என்று ஒதுக்கிய பணத்தைக்கூட, கொடுக்கும் நாள் வரை ஓவர்டிராஃப்ட் கணக்கிலேயே போட்டுவையுங்கள்.

"அவசரத்துக்குக் கையில் காசு வேண்டாமா?" என்று கேட்பது நியாயம். வரம்பு நடப்பில் இருக்கும்வரை கட்டியதைத் திரும்ப எடுக்கலாம். புதுப்பிக்கும் தேதியை மட்டும் கிளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: எடுக்க முடிவதாலேயே கடன் குறையாது. உண்மைதான், பலர் வழுக்குவது இங்கேதான். ஒவ்வொரு சீசன் முடிவிலும் எழுதிக் கொடுத்து வரம்பையே குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு சீசன் கடந்தும் அடிப்பாக்கி அசையாவிட்டால், அந்தத் தொகையை மட்டும் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். வட்டியையும் கட்டணத்தையும் ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். வியாபாரம் மந்தமான மாதங்களிலும் வட்டி அளவுக்காவது பணம் கட்டுங்கள். தொடர்ந்து 90 நாள் வரவே இல்லையென்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.