பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

திரேஸ்புரம் கரையில் வள்ளத்தை ஏற்றியதும் அப்பா முதலில் பார்ப்பது புரொப்பல்லரைத்தான். இலை வளைந்திருந்தால் பட்டறையில் நிமிர்த்துவார்கள்; ஓரம் உடைந்திருந்தால் வெல்டிங் வைத்துச் சமன்செய்வார்கள். இரண்டும் நியாயமான செலவே. ஆனால் சென்ற ஆண்டு வெல்டிங் வைத்த இலை மூன்றே மாதத்தில் நடுக்கடலில் முறிந்தது. அதிர்வு தாங்காமல் இஞ்சினை நிறுத்த, வேறொரு வள்ளம் கட்டியிழுத்து வந்தது.

காரணம் வேதியியல் வகுப்பில்தான் விளங்கிற்று. மாங்கனீசு வெண்கலம் என்று பெயரே தவிர, அது ஏறத்தாழ 58 விழுக்காடு செம்பும் 39 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட பித்தளைதான். கடல்நீர் மின்பகுளியாக அமைய, துத்தநாகம் கரைந்து வெளியேறுகிறது. நுண்துளை மிகுந்த செம்பு எஞ்சுகிறது. வடிவம் மாறுவதில்லை, வலிமை போய்விடுகிறது. ஆகவே முதலில் அரத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே மஞ்சளாக மின்னினால் பழுதுபார்க்கலாம். ஆழத்திலும் இளஞ்சிவப்பாகவே இருந்தால் வெல்டிங் வீண், மாற்றத்தான் வேண்டும்.

கப்பலின் செம்புத் தகட்டோடு துத்தநாகத்தை இணைத்தால் செம்பு அரிபடாதென 1824இல் ஹம்ப்ரி டேவி காட்டினார். அவ்வாறே சாஃப்டில் துத்தநாகக் கட்டி பூட்டலாம்; பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். புதுப் புரொப்பல்லரோடு ஒன்று வாங்கினோம்.

"கரைஞ்சு போறதுக்கா காசு?" என்றார் அப்பா.