வண்ணத்துக்கு முன் அளவு: குராச்சான் கார் கிட் கட்டும் முறை

ஜப்பானின் குராச்சான் கார்களை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. தரையை உரசும் உயரம், உடம்பை மீறிப் புடைத்த மட்கார்டுகள், டெப்பா என்று அவர்கள் அழைக்கும் நீண்டு துருத்திய முன் ஸ்பாய்லர், பின்னால் வானம் பார்த்து நிற்கும் டாகேயாரி சைலன்சர் குழாய்கள். இந்தக் கார்களின் 1/24 அளவு பிளாஸ்டிக் கிட்டுகளை ஷிசுவோகா நகரத்து அவோஷிமா, ஃபுஜிமி நிறுவனங்கள் வெளியிட்டு வருகின்றன. பெட்டியைத் திறந்ததும் பெரும்பாலோர் முதலில் யோசிப்பது பெயின்ட்டைப் பற்றி. ஊதாவா, தங்கத் துகள் மின்னும் சிவப்பா, என்ன ஸ்டிக்கர் என்று மனம் அங்கேயே போய்விடுகிறது. இந்த வகைக் காரில் அது தவறான தொடக்கம். இதன் மிடுக்கு முழுவதும் அளவில் இருக்கிறது. சக்கரம் எங்கே நிற்கிறது, மட்கார்டு எவ்வளவு வெளியே வருகிறது, அடிப்பாகம் தரைக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றும் சரியாக அமைந்தால் சாதாரண வெள்ளை பெயின்ட்டிலும் கார் நிமிர்ந்து நிற்கும். அவை பிசகினால் பளபளப்பால் ஈடுகட்ட முடியாது.

இதற்கான ஆதாரம் அந்தக் கார்களின் பிறப்பிலேயே கிடைக்கிறது. இதே ஷிசுவோகா மாகாணத்திலுள்ள ஃபுஜி ஸ்பீட்வேயில் 1971 முதல் கிராண்ட் சாம்பியன் பந்தயத் தொடர் நடந்தது. குராச்சான் என்ற பெயரே அதன் சுருக்கம்தான். 1979இல் அங்கே சூப்பர் சில்ஹவுட் கார்கள் ஓடத் தொடங்கின. மசாஹிரோ ஹசேமி ஓட்டிய சிவப்பு-கறுப்பு நிசான் ஸ்கைலைன் அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. அந்தக் கார்களுக்கு அடிப்படையான குரூப் 5 விதி, மட்கார்டையும் ஸ்பாய்லரையும் தாராளமாக விரிக்க அனுமதித்தது. ஆனால் பானெட், கூரை, கதவு ஆகியவை மூலக் காரின் வடிவத்திலேயே இருக்க வேண்டும். பந்தயம் பார்க்க வந்த இளைஞர்கள் தங்கள் கார்களை இதே சாயலில் மாற்றினார்கள். மாறாத கூரையும் கதவும் நடுவில் இருப்பதால்தான் சுற்றியுள்ள மாற்றம் கண்ணில் அறைகிறது. மாடல் கட்டுபவருக்கு இது நேரடியான விதி. கூரையிலும் கதவிலும் கை வைக்காதீர்கள். மற்ற எல்லா அளவையும் அவற்றை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஆரம்ப வேலை எல்லா கிட்டுக்கும் பொதுவானது. பாகங்களைச் சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சு எண்ணெயைப் போக்குங்கள். நிப்பரால் ஒரே வெட்டில் பாகத்தை எடுத்தால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். முதலில் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு, மீதியை 400, பிறகு 800 உப்புத்தாளில் தேயுங்கள். பசை எதையும் இப்போது திறக்க வேண்டாம்.

அடுத்தது மாடலின் விதியையே தீர்மானிக்கும் கட்டம். சேசிஸையும் பாடியையும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்து, சக்கரங்களைப் பசைக்களிமண்ணால் தற்காலிகமாகப் பொருத்தி, சமதளக் கண்ணாடியின் மேல் வையுங்கள். எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஓர் உண்மையான அளவுகோல் உண்டு. ஜப்பானிய வாகனத் தகுதிச் சோதனையில் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து குறைந்தது 9 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 1/24இல் இது 3.75 மி.மீ. உங்கள் இடைவெளி அதற்கு மேல் இருந்தால், எவ்வளவு ஸ்டிக்கர் ஒட்டினாலும் அது சட்டத்துக்கு அடங்கிய கார்தான். ஷாகோடான் என்று சொல்லத் தகுந்த தாழ்வு அதற்குக் கீழே தொடங்குகிறது. 2 மி.மீ. இறக்கினால் அசல் காரில் 48 மி.மீ. இறக்கியதாகும். எனவே அரை மில்லிமீட்டரும் கண்ணுக்குத் தெரியும்.

இறக்கும்போது டயர் மட்கார்டின் உள்பக்கம் இடிக்கும். அங்கே பிளாஸ்டிக்கை உள்ளிருந்து உப்புத்தாளால் மெலிதாக்குங்கள், வெளி விளிம்பைத் தொடாதீர்கள். சக்கரத்தைச் சாய்க்க வேண்டுமானால் ஆக்ஸிலின் முளையை வெட்டிவிட்டு, சாய்வாக 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். சாய்வைக் கண்மதிப்பில் விடாமல், பாகைமானி வைத்து அட்டையில் ஓர் ஆப்பு வெட்டி, நான்கு சக்கரத்துக்கும் அதையே முட்டுக் கொடுங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள டயரை 8 பாகை சாய்த்தால் மேல்முனை கீழ்முனையைவிட ஏறத்தாழ 3.5 மி.மீ. உள்ளே போகும். அந்த இடம் கிடைத்ததும் காரை இன்னும் இறக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். கிட்டுடன் வரும் குறிப்புத்தாள் சேசிஸிலும் இருக்கையிலும் தொடங்குகிறதே, அதைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாததா என்று கேட்கலாம். குறிப்புத்தாள் பெட்டியிலுள்ளதை அப்படியே கட்டுபவருக்காக எழுதப்பட்டது. அவருக்கு அந்த வரிசை சரியே. உயரத்தை மாற்றுபவருக்குச் சேசிஸின் ஒவ்வொரு பாகமும் இடம் மாறும். முன்கூட்டியே ஒட்டி பெயின்ட் அடித்த இருக்கைத்தளம் பிற்பாடு கூரையை முட்டினால், உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உயரம் நிலைத்த பிறகே மட்கார்டு. ஸ்கைலைன் கென்மேரியை எடுத்துக்கொள்வோம். 1972 முதல் 1977 வரை வந்த இந்த மாடலின் பின்பக்கத்தில், சக்கரத்துக்கு மேலாக ஓர் அலைக்கோடு ஓடும். அகன்ற ஓவர்ஃபெண்டர் அந்தக் கோட்டை வெட்டியே ஆகும். எங்கே வெட்டுகிறது என்பதை பென்சிலால் இருபுறமும் குறித்த பிறகே பாடியை அறுக்க வேண்டும். ஒருபுறம் வெட்டி, அதன் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து வடிவம் எடுத்து, அந்தக் காகிதத்தைத் திருப்பி மறுபுறம் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூ அடித்துப் பொருத்திய மட்கார்டா, உடம்போடு இழைத்ததா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். முன்னதில் இணைப்புக்கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். பின்னதில் பட்டி போட்டுக் கோடே தெரியாமல் தேய்க்க வேண்டும். பாதி தெரிவதும் பாதி மறைவதும் வேலை முடியாத கார்.

டெப்பாவுக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடு போதும். நடுவில் மடித்த காகிதத்தில் வடிவம் வெட்டினால் இரு பாதியும் ஒத்துவரும். சைலன்சர் குழாய்க்கு 2 மி.மீ. அலுமினியக் குழாயே நல்லது. அசலில் 1.5 மீட்டர் என்றால் இங்கே 62.5 மி.மீ. முனையைச் சாய்வாக அறுத்து, அடிமுனை சேசிஸுக்குள் ஒரு சென்டிமீட்டராவது போகும்படி துளையிட்டு, எபாக்ஸியால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் உலோகத்தைப் பிடிக்காது. ரெசின் பாகங்களுக்கும் இதுவே பொருந்தும்.

எல்லை மீறியதுதானே இந்தக் கார், இதில் எதற்கு அளவு என்று சிலர் சொல்வார்கள். எல்லை மீறலை உணர எல்லை தெரிந்திருக்க வேண்டும். அசல் கார் ஓடியாக வேண்டும். டயர் சுழல வேண்டும், கதவு திறக்க வேண்டும், ஓட்டுநருக்கு முன்பக்கம் தெரிய வேண்டும். இந்தக் கட்டாயங்களோடு மல்லுக்கட்டியதால்தான் அந்த வடிவங்கள் பிறந்தன. மட்கார்டு கதவின் மேல் ஏறியிருக்கும் மாடல் துணிச்சலாகத் தெரியாது, பொய்யாகத்தான் தெரியும்.

இனி பெயின்ட். சாம்பல் பிரைமர் அடித்ததும் மறைந்திருந்த கீறலெல்லாம் வெளிவரும். பட்டி பார்த்து, 1000 உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி பிரைமர் அடியுங்கள். சிவப்பு, மஞ்சளுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு தேவை. லாக்கருக்கு மேல் இனாமல் அடிக்கலாம். இனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிப்போகும். மழைக்கால ஈரப்பதத்தில் லாக்கர் பால்போல் வெளுத்துவிடும், ஆதலால் வெயில் காய்ந்த நாளாகப் பாருங்கள். தின்னர் ஆவிக்கு ஜன்னல் திறந்திருப்பது மட்டும் போதாது, கரி வடிகட்டியுள்ள முகமூடி அவசியம். ஏர்பிரஷ் இல்லாமல் முடியாதே என்ற தயக்கம் வேண்டாம். பாடி முழுவதும் ஒரே நிறமென்றால் ஸ்ப்ரே கேனே போதும். மெல்லிய பூச்சாக, இடைவெளி விட்டு அடிப்பதே முக்கியம்.

முடிவில் சில எச்சரிக்கைகள். குரோம் பாகங்களில் ஒட்டுமிடத்துப் பூச்சைச் சுரண்டிவிடுங்கள், இல்லையேல் பசை பிடிக்காது. கண்ணாடிப் பாகத்தின் அருகே ஃபெவிக்விக்கைக் கொண்டுபோனால் வெள்ளையாகப் படலம் படியும், அங்கே ஃபெவிகால்தான் சரி. ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் மெல்லிய கிளியர் பூச்சு கொடுங்கள்.

முதல் கிட் வாங்குபவர் ஓவர்ஃபெண்டரும் தாழ்த்திய சஸ்பென்ஷனும் பெட்டிக்குள்ளேயே வரும் கிட்டாகத் தேர்ந்தெடுங்கள். பெயின்ட் வாங்கும் முன் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள்.