கோல்டு பிளேட் லீக் டெஸ்ட்: சப்ளையர் ஆலையில் எதைப் பார்ப்பது?

சர்வர் சிப்பையும் மின்வாகன பேட்டரியையும் குளிர்விக்கும் கோல்டு பிளேட்டுக்குள் திரவம் ஓடுகிறது. ஒரு சொட்டு கசிந்தாலும் போர்டு போச்சு. அதனால் சப்ளையர் ஆலைக்குப் போனால் நேராக லீக் டெஸ்ட் மேசைக்குப் போங்கள். ஸ்லைடு பார்ப்பதெல்லாம் பிறகு.

1. டிராயிங்கில் எண் கேளுங்கள். ‘கசிவு கூடாது’ என்பது அளவல்ல. எந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றுவது, எத்தனை நொடி பார்ப்பது, அழுத்தம் எவ்வளவு இறங்கலாம் என்ற மூன்றும் வேண்டும். 200 மி.லி. கொள்ளளவில் நிமிடத்துக்கு 1 மில்லிபார் இறங்கினால், கசிவது நிமிடத்துக்குச் சுமார் 0.2 மி.லி. காற்று.

2. தண்ணீரில் முக்குவது கடைசியில். ஈரம் நுண்துளையை அடைத்துவிட்டால் பிறகு எந்த மெஷினும் அதைக் காட்டாது. ஃபெயிலான பீஸில் ஓட்டையைத் தேட மட்டுமே தொட்டி.

3. சூட்டைக் கவனியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 3 பார் கேஜ் அழுத்தத்தில் உள்காற்று 1 டிகிரி செல்சியஸ் மாறினாலே, ஓட்டை இல்லாமலே அழுத்தம் சுமார் 13 மில்லிபார் மாறும். நாம் தேடுவதோ 1 மில்லிபார்! கழுவிக் காயவைத்த சூடு ஆறாத பீஸ், சோதனையில் ஆறும்போது அழுத்தம் இறங்கி, நல்லதே ரிஜெக்ட் ஆகும். அது பண நஷ்டத்தோடு போகும். ஏசி ஸ்டோரிலிருந்து வரும் குளிர்ந்த பீஸ்தான் ஆபத்து: உள்காற்று சூடேறி அழுத்தத்தைக் கூட்ட, கசிவு அதில் மறைந்து, ஓட்டை பீஸ் பாஸ் ஆகிவிடும்.

என் விதி: பீஸ் மேசைக்குப் பக்கத்திலேயே 2 மணி நேரம் கிடக்க வேண்டும். மேலே ஃபேன் காற்று படக்கூடாது. டெஸ்ட் ஓடும்போது கை வைக்கக்கூடாது. காற்றை ஏற்றும்போதே அது சூடாகும் என்பதால், அழுத்தம் நிலைபெற விடும் நேரத்தைக் குறைக்கவே விடாதீர்கள். உற்பத்தி டார்கெட் எட்டவில்லை என்று முதலில் வெட்டுவது அந்த நொடிகளைத்தான். டார்கெட் வேண்டுமானால் இன்னொரு மெஷின் வாங்கட்டும். காகிதத்தை நம்பாமல், மெஷினில் பதிந்திருக்கும் நேரத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

4. ஷிஃப்ட் தொடக்கத்தில் மெஷினைச் சரிபார்க்க இரண்டு மாஸ்டர் பீஸ்: ஒன்று கசியாதது, இன்னொன்று அளவிட்ட கசிவுள்ளது. கசியாதது ஃபெயிலானால் கப்ளிங் ஓ-ரிங்கைப் பாருங்கள். கசிவது பாஸானால், முந்தைய சரியான மாஸ்டர் சோதனைக்குப் பின் ஓடிய அத்தனை பீஸும் மறுபடி டெஸ்ட்.

5. ‘ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தோம்’ என்று முடியும் 8டி (சிக்கல் தீர்வு) அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். அறைச் சூட்டுக்கு வராத பீஸை வைத்தால் மெஷின் ஸ்டார்ட்டே ஆகாதபடி ஒரு சென்சார் தடுக்க வேண்டும். அந்தச் சென்சாரைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.