பறக்கும் மோட்டார் சைக்கிள்

கேள்வி: சாலையில் ஓடி, நினைத்தவுடன் ஆகாயத்தில் கிளம்பும் மோட்டார் சைக்கிள் சீக்கிரமே விற்பனைக்கு வருமென்று அடிக்கடி செய்தி வருகிறதே, நம்பலாமா?

பதில்: பறக்க வைப்பது அசாத்தியமன்று. அமெரிக்காவில் மோல்டன் டெய்லர் நிர்மாணித்த 'ஏரோகார்' 1949-லேயே பறந்து, 1956-இல் அரசாங்க அத்தாட்சியும் பெற்றுவிட்டது. ஆயினும், இறக்கைகளைக் கழற்றித் தன் பின்னாலேயே இழுத்துச் செல்லும் அந்த விசித்திர வாகனம் மொத்தத்தில் ஆறே ஆறுதான் உருவாயிற்று என்பதைக் கவனித்தால், சங்கடம் எங்கே என்பது விளங்கும். விமானத்துக்குக் கனமின்மையே பிராணன். சாலை வாகனத்துக்கோ மோதலைத் தாங்கும் சட்டமும் உறுதியான சக்கரங்களும் அவசியம். இவ்விரு விரோத தர்மங்களையும் ஒரே சரீரத்தில் பிணைத்தால், மட்டமான காரும் மட்டமான விமானமும் இரட்டிப்பு விலையில் கிடைக்கும்.

மோட்டார் சைக்கிளின் கதி இன்னும் பரிதாபம். இறக்கையில்லாமல் சிறு விசிறிகளின் உந்துதலையே நம்பி மிதக்கும் யந்திரம், விசிறி சிறுக்கச் சிறுக்க அதிக சக்தியைக் குடிக்கும் என்பதோடு, யந்திரம் நின்றுபோனால் சறுக்கி இறங்குவதற்கு வழியே இல்லை. (தலைக்கவசம் அங்கே எதற்கு உதவுமோ, அறியேன்.) ஜப்பானில் 2021-இல் 7 கோடியே 77 லட்சம் யென் விலையில் அறிமுகமான 'எக்ஸ்டுரிஸ்மோ', 300 கிலோ எடையுடன் சுமார் 40 நிமிஷம் பறக்கும் என்றார்கள், சில ஆண்டுகளுக்குள் அதைச் செய்த கம்பெனியே திவாலாயிற்று.

யாரேனும் முன்பணம் கேட்டால், விமானத் துறையின் அத்தாட்சிப் பத்திரத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.